அணைத்த வண்டியில் தேநீர்

1

நெஞ்சு எரிகிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் கிளம்பியது. கம்பாலா நகர வேன் நிலையத்தில் பயணிகளின் மூட்டைகளைக் கூரையில் ஏற்றி இறக்குகிறவன் நான். டீசல் புகைக்குப் பிறகுதான் எனக்குக் காலைச் சாப்பாடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நகரத்தின்மேல் கரிய போர்வைபோல…’

வேண்டாம். போர்வையை உதறிவிடலாம். இது நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் தூள்.

2

எங்கள் நிலையத்தில் ஆள் நிறையும்வரை எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்க வேண்டும். அணைந்த வண்டி இப்போதைக்குக் கிளம்பாது என்று ஜனம் உறுமுகிற வண்டிக்குப் போய்விடும்.

அந்த வண்டி வரிசை நடுவே தேநீர் விற்கிறவள் நல்வோகா. அவளுக்கு இழுப்பு. இடத்தை மாற்று என்றார் மருத்துவர். மாற்றினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு நாள் பக்கத்து வண்டி ஓட்டுநர் செம்பாலாவிடம் கேட்டேவிட்டாள்.

“செம்பாலாண்ணே, அந்தச் சனியனைக் கொஞ்சம் அணையேன். மூச்சு முட்டுது.”

“அணைச்சா எவன் ஏறுவான்? உன் கெட்டிலா ஏறும்?”

“நான் ஏறுறேன், போ.”

வியாபாரத்தை அப்படியே விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். (‘ராணிபோல’ என்று எழுதி அடித்துவிட்டேன். இருமிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.) செம்பாலா சாவியைத் திருப்பி அணைத்தான். ஏறியிருந்த ஒன்பது பேரும் இறங்கிப் பின்வண்டிக்குப் போனார்கள்.

“என் பொண்டாட்டிகிட்ட நீயே வந்து சொல்லு,” என்றான். ஆனால் எஞ்சினை மறுபடி போடவில்லை. அந்த மனுஷனை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

3

மறுநாள் நல்வோகா சட்டம் போட்டாள்: அணைத்த வண்டிக்குள் உட்காருகிறவருக்குத்தான் தேநீர்.

(கதைக்காக நான் கட்டியது என்பீர்கள். இவ்வளவு புத்தி இருந்தால் நான் ஏன் மூட்டை தூக்குகிறேன்?)

இஞ்சி வாசனைக்கு ஜனம் ஏறியது. செம்பாலாவின் வண்டி நிறைந்தது. பின்வண்டிக்காரன் கத்தினான்: “அக்கா, இங்கயும் நாலு கப்!”

“முதல்ல உன் வண்டி வாயை மூடு!”

மூடினான். அவனுக்கு அடுத்தவனும். அன்று தேநீர்மேல் படிகிற ஆடையில் கரி குறைவாக இருந்தது.

4

முடிவு? வரிசை முழுக்க அணைகிறது, அவள் இழுப்பு தணிகிறது என்று ஒன்று எழுதினேன். மழைக்காலத்தில் எல்லாம் மறுபடி உறுமுகிறது, அவள் கெட்டிலைக் கவிழ்க்கிறாள் என்று இன்னொன்று. இப்போதைக்குப் பாதி வரிசை அணைந்து நிற்கிறது. அவள் பாதி மூச்சில் விற்கிறாள். மீதி, நீங்கள் எந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முதல் நாள் இறங்கிப்போன அந்த ஒன்பது பேரின் வண்டிக்காசை இந்த நிலையம் செம்பாலாவுக்கு இன்னும் திருப்பித் தரவில்லை.