வளர்ந்துவிட்ட ஒரு புழு

நான்கு மணிக்குள் எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகைக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டரைக்கு அந்தப் பாழாய்ப்போன புழு என் கண்ணில் பட்டது.

உருளைப்புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம். ஆர்.என்.ஏ.வைத் துண்டு போடும் நொதியைச் செய்ய அதற்கு ஒரு மரபணு உண்டு. அதை நீக்கிவிட்டால் குஞ்சு பாதியிலேயே நின்றுவிடும், பெரிதாகவே ஆகாது. நான்கு வருஷம் தலையால் தண்ணீர் குடித்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். இது அச்சேறினால் என் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மரபணு இல்லாத குஞ்சுகளின் தட்டில் ஒன்று மட்டும் முழுசாக வளர்ந்து, வயிறு நிறைய முட்டையோடு நெளிந்துகொண்டிருந்தது. அது நிஜமென்றால் என் கண்டுபிடிப்பு பொய்.

புழுவை அள்ளும் கம்பியை ஒவ்வொரு முறையும் நெருப்பில் காட்ட வேண்டும். அவசரத்தில் காட்டாமல் விட்டிருந்தால், வேறு தட்டிலிருந்து நல்ல முட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பஸ் ஓட்டும் என் கணவர் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒத்தப் புழுதானே? நசுக்கித் தள்ளிட்டு வேலையப் பாரு."

"பிரேக் ஒரு தடவைதான் பிடிக்கலைன்னா, பஸ்ஸ அப்படியே ஓட்டுவீங்களா?"

"ஆரம்பிச்சுட்டியா" என்று வைத்துவிட்டார்.

புழுவைச் சின்னக் குழாயில் போட்டுக் கரைத்துச் சோதனைக்கு வைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆகும்.

மூன்றரைக்குச் சோதனைப் படம் வந்தது. மரபணு உள்ள புழுவுக்குக் கோடு மேலே விழும், நீக்கிய புழுவுக்குக் கீழே. என் புழுவின் கோடு கீழே மட்டும்தான் இருந்தது. கம்பியில் தப்பில்லை. மரபணு இல்லாமலே அது வளர்ந்திருக்கிறது. சனியனே, உனக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று அழுகை முட்டியது.

கட்டுரையை அனுப்பவிருந்த எங்கள் பேராசிரியரின் அறைக்கு ஓடினேன்.

"சார், அனுப்பாதீங்க."

படத்தை வாங்கிப் பார்த்தார். "எத்தனை புழுவுல?"

"எண்ணூறுல ஒண்ணு."

"அது எங்க?"

"கரைச்சாச்சு சார்."

"அப்போ அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாதும்மா. உன் வேலைய யோசிச்சியா?"

"மதியத்துலேருந்து வேற எதையும் யோசிக்கல சார்."

நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தத் தயாராக அவர் கை மவுஸின் மேலேயே இருந்தது.

"என் பேர எடுத்துட்டு அனுப்புங்க சார்" என்றேன்.

அவர் அனுப்பாமலே மவுஸிலிருந்து கையை எடுத்தார்.