நாற்காலிக்குப் பின்னால்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை பாதி நரைத்துவிட்டது, ஊர் ஊராகப் போய்ச் சிற்பக் கண்காட்சி வைத்துவிட்டாள், ஆனாலும் சின்னவள்தான். அந்தச் சின்னவள், அப்பாவின் நாற்காலியை அவருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்து, கேலரியின் பெரிய அறையில் நட்டநடுவில் போட்டுவிட்டாள்.

நாற்காலி என்றால் சும்மா நாற்காலி இல்லை. இரண்டு பக்கமும் கை வைத்தது, பிரம்பு பின்னியது. சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் கிடக்கும். அவர் வெளியூர் போயிருந்தாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பூனை ஒரு தடவை உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர் சாப்பிடும்போது அம்மா அதன் பின்னால் நிற்பாள். பேப்பர் படிக்கும்போதும் நிற்பாள், என்ன கேட்பாரோ என்று. உட்கார வேறு இடமா இல்லை? உட்கார்ந்தால் உடனே எழுந்திருக்க வேண்டிவரும், அதற்கு நிற்பதே மேல் என்பாள்.

இப்போது கேலரியில் அந்த நாற்காலிக்குப் பின்னால் பிளாஸ்டர் கால்கள் நின்றன. முழங்காலுக்குக் கீழே மட்டும், ஜோடி ஜோடியாக, சுவர் வரைக்கும். எல்லாம் அம்மாவின் கால்கள். அச்செடுத்தபோது காலில் வாசலின் களிம்பு தடவி, ஈரப் பிளாஸ்டரை அப்பினாள் சின்னவள். பிளாஸ்டர் இறுகும்போது கதகதவென்று சூடாகும். "ஒத்தடம் குடுக்கற மாதிரி இருக்குடி. கொஞ்ச நேரம் அப்படியே விடு" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குச் சின்னவளுக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

எதிர்ச் சுவரில் புகைப்படங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்கு நேராக வருகிற அளவுக்குத் தாழ்வாக மாட்டியிருந்தாள். ஆனால் நாற்காலியைச் சுற்றிக் கயிறு. நிற்கிறவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனியட்டுமே.

நாற்காலி பிரம்பு பின்னப் போயிருப்பதாக அம்மா அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். திறப்பு நாள் காலைப் பேப்பரில் படம் வந்து தொலைத்தது. கட்டிலில் சாய்ந்து பேப்பரைப் பிரித்த மனுஷன் அதில் தன் நாற்காலியைப் பார்த்தார். சும்மா இருப்பாரா? மாலையில் கூட்டம் சேர்ந்த நேரத்துக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"கேட்டா குடுத்திருப்பீங்களாப்பா?"

கேலரிக்காரர் சின்னவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வீட்ல சம்மதம் வாங்கியாச்சுன்னு சொன்னீங்களேம்மா. பொருளுக்குச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டா நான் என்ன பண்றது? பேசி முடிங்க. இல்லைன்னா இந்த ரூமைப் பூட்டிடுவேன்."

நாற்காலி போனால் மிச்சம் இருப்பது சுவரைப் பார்த்து நிற்கும் வெறும் கால்கள்தான். அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அதோடு சரி.

"பூட்டினா நான் உள்ள இருப்பேன். என்னையும் சேர்த்துப் பூட்டுங்க" என்றாள்.

அதற்குள் அப்பா கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை வண்டியில ஏத்தற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சுற்றி நின்று படம் எடுத்தார்கள். "சார், தினமும் வருவீங்களா?" என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். அப்பா முறைத்தார். அந்த முறைப்பையும் படம் எடுத்தார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லாமல் அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு பின்மண்டை. சட்டைக் காலர், ஒரு காது, பேப்பரின் ஓரம். அடுத்த படத்திலும் அதே பின்மண்டை, முடி கொஞ்சம் குறைந்து. அதற்கடுத்ததில் நடுவில் நல்ல வழுக்கை. வரிசையாக அதே தலைதான்.

"யாருடி இந்த ஆளு?"

"நீங்கதான்ப்பா."

"என்னை எவன் பின்னால நின்னு எடுத்தது?"

"நான்தான்" என்றாள் அம்மா. "நான் நிக்கற எடத்துலேர்ந்து என்ன தெரியுதுன்னு இவ ரொம்ப வருஷம் முன்னாடி கேட்டா. அப்பலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."

அப்பாவுக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம், தலையைத் திருப்பாமலே சொல்லிவிட்டார்.

"தண்ணி."

அம்மாவின் வலது கால் ஓர் அடி எடுத்துவைத்தது. சின்னவள் அந்தக் காலையே பார்த்தாள். கால் திரும்பி வந்து பழைய இடத்தில் ஊன்றிக்கொண்டது.

"பின்னாடி எத்தனை பேரு நிக்கறாங்க, அவங்களைக் கேட்டுப் பாருங்கப்பா" என்றாள் சின்னவள்.

அப்பா திரும்பினார். வெள்ளைக் கால்கள், சுவர் வரைக்கும். தண்ணீர் கேன் அறையின் அந்தக் கோடியில் இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எழுந்து போனார். குழாயைத் திறக்கத் தெரியாமல் கையெல்லாம் ஈரம் பண்ணிக்கொண்டார்.

அம்மா குனிந்து கயிற்றை எடுத்தாள்.

"அப்ப இது யாரோட பொருள்மா?" என்று கேலரிக்காரர் கேட்டார்.

"வீட்டுப் பொருள். நானும் அந்த வீட்லதான் இருக்கேன். இவ ஒரு பக்கம் தூக்கினா, நான் ஒரு பக்கம் தூக்கினேன். இங்கயே இருக்கட்டும்."

கேலரிக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா டம்ளரோடு திரும்பி வருவதற்குள் அம்மா நாற்காலியைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டாள். அவர் கயிற்றுக்கு வெளியே நின்றார். முகத்தில் இருந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது. அவர் ஒன்றும் திருந்திவிடவில்லை.

"நாளைக்கு ஆளோட வர்றேன்."

"வாங்க" என்றாள் அம்மா. "பத்து மணிக்கு மேலதான் தெறப்பாங்க. அதுவரைக்கும் வெளியில நிக்கணும்."

முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினாள்.