பிரிக்காத பெட்டிகளின் சந்தை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா தேடியது மகளுடைய மழைக்கோட்டை. கட்டிலுக்கடியில் கையை விட்டால் வந்ததோ அட்டைப்பெட்டி. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னும் சில. டேப்கூடப் பிரிக்கவில்லை. கயிறு இழுத்து வெங்காயம் நறுக்கும் டப்பா, கழுத்துவலி மெஷின், ஜூஸ் மிக்சி. ஆஃபர் முடியப்போகிறது என்று அவளும் புருஷன் அருண்பாண்டியும் போட்டி போட்டு போனில் வாங்கியவை.

உசிலம்பட்டியிலிருந்து வந்து நெருப்பெரிச்சல் என்ற ஊரிலுள்ள பனியன் கம்பெனியில் இருவரும் வேலை செய்கிறார்கள். இருப்பது ஒற்றை அறை லைன் வீடு. அதில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் போனது எப்படி என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து வீட்டு சத்யப்பிரியாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் சிரித்துவிட்டுத் தன் வீட்டு அலமாரிக்கு மேலே பார்க்கச் சொன்னாள். அங்கேயும் அதே வெங்காய டப்பா.

ஜோதிகாவுக்கு ஓர் எண்ணம் பளிச்சென்று வந்தது. பிரிக்காததையெல்லாம் வாசலில் கொண்டுவந்து வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், காசு பேச்சே கூடாது என்றாள்.

அரை மணி நேரத்தில் வாசல் கடைவீதி ஆகிவிட்டது. ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்றாவது வீட்டு முனீஸ் கழுத்துவலி மெஷினைக் கழுத்தில் வைத்துக்கொண்டே தன் இஸ்திரிப் பெட்டியை ஒரு பீகார் பையனிடம் நீட்டினான். குடை கிடைத்த ஒருத்தி வெயிலிலேயே அதை விரித்துப் பிடித்தாள். வெங்காய டப்பாவை மட்டும் யாரும் சீண்டவில்லை. எல்லோர் வீட்டிலும் இருந்தது.

சத்தம் கேட்டுச் சண்டை என்று நினைத்து வீட்டுக்காரம்மா வள்ளியாத்தாள் பதறி வந்தார். விஷயம் தெரிந்ததும் வந்த வேகத்தில் திரும்பிப்போய், மகன் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளை உருட்டிவந்தார்.

“துணி காயப்போடறதுக்குத்தான் ஆவுது கண்ணு. யாராச்சும் கொண்டு போங்க, என்ர ஊட்டுல நடக்க வழியில்லீங்க.”

வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. ஜோதிகாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இங்கே ஒரு சிபாரிசு, அங்கே ஒரு பஞ்சாயத்து. நடுநடுவே கண்ணில் பட்டதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பீங்கான் கோப்பைகள், சுவர்க் கடிகாரம், இடியாப்ப அச்சு, குட்டி மின்விசிறி. சும்மா கிடைக்கும்போது விடுவார்களா என்ன?

மதியம் வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் இறக்கினாள். அருண்பாண்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

“ஏ ஜோதி, வெளிய போனத விட உள்ள வந்தது சாஸ்தியா இருக்கேத்தா.”

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. குவியலைப் பார்த்தாள். சுவரில் ஏற்கெனவே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடம் அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது; அவனும் சேர்ந்துகொண்டான். இருவருமாக அள்ளிக்கொண்டுபோய்த் திரும்ப வாசலில் வைத்தார்கள். இடியாப்ப அச்சை மட்டும் அவள் விடவில்லை. அன்று ராத்திரியே மாவு பிசைந்து பிழிந்தாள்.

விஷயம் பரவி, அடுத்த வாரம் பின்தெரு லைன்காரர்கள் தங்கள் வாசலிலும் சந்தை போடச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள்.

“நீங்களும் வாங்க. நான் எதையாச்சும் எடுத்தேன்னா கையப் பிடிச்சிருங்க.”

“என் கைய யாரு பிடிக்கிறது?” என்று கேட்டபடி அவன் செருப்பை மாட்டினான்.