அரக்கு வைத்த பீரோ

பத்து நாற்பதுக்குச் சர்வர் மறுபடியும் இழுக்கத் தொடங்கியது.

லிஜிமோள் டீச்சர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வு. பதினைந்து லினக்ஸ் கணினிகள், பதினைந்து பிள்ளைகள். எல்லோருடைய விடையும் ஒரே சர்வரில் போய்ச் சேர வேண்டும். தேர்வு தொடங்கியபோது கண் சிமிட்டும் நேரத்தில் பதிவான விடை, இப்போது முப்பது நொடி எடுத்தது.

நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த இருபதாவது நிமிடம் சர்வர் அணைந்துபோனது. மூன்றாம் முறை அணைந்தால் தேர்வு மையமே ரத்து என்று ஆலப்புழை கல்வி அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். மிச்சமிருக்கும் நாற்பத்திரண்டு பேரும் படகேறி, காயலுக்கு அக்கரையில், பழகாத கணினியில் எழுத வேண்டும்.

இரண்டு நாளும் கோளாறு பார்க்க சஜிமோன் வந்தான். மாவட்டத்துக்கே அவன்தான் மெக்கானிக். வயரை மாற்றினான், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியை மாற்றினான். சர்வரை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். குதிரை மாதிரி ஓடியது.

"சர்வருக்கு ஒண்ணுமில்ல டீச்சரே. உங்களக் கண்டாத்தான் அதுக்கு மயக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, டீயோடு வைத்திருந்த பழம்பொரியைக் கையில் எடுத்துக்கொண்டு படகேறினான்.

அந்தக் கிண்டல்தான் இப்போது லிஜிமோளின் மண்டையில் உறுத்தியது. அவன் பார்க்கும்போது இல்லாதது, தேர்வின்போது மட்டும் என்ன இருக்கிறது?

மூலையில் இருந்த இரும்பு பீரோவைப் பார்த்தாள். தேர்வு சர்வர் பாதுகாப்பான காவலில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. தலைமை ஆசிரியர் குருவிளா அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். சர்வர் பீரோவுக்குள். பின்பக்கத் துளை வழியாக வயர்கள். கதவில் பூட்டு. பூட்டின்மேல், தினமும் தேர்வுக்கு முன் புதிதாக வைக்கும் அரக்கு.

லிஜிமோள் தன் மேசைக் கணினியிலிருந்தே வலை வழியாகச் சர்வருக்குள் நுழைந்தாள். இத்தனை நாளும் வலையின் பதிவுகளைத்தான் துருவியிருந்தாள். இந்த முறை இயந்திரத்தின் பதிவைத் திறந்தாள். ஒரே வரி, திரும்பத் திரும்ப: சூடு எல்லை மீறியது, வேகம் குறைக்கப்பட்டது.

வெப்பநிலையைக் கேட்டாள். தொண்ணூற்றாறு டிகிரி. ஒரு நிமிடம் கழித்துத் தொண்ணூற்றேழு. நூற்றைத் தொட்டால் தானாகவே அணைந்துவிடும்.

பக்கத்து அறைக்குப் போய்க் குருவிளாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பரீட்சை நடக்குறப்ப சீலை உடைச்சா என்னாகும்னு தெரியுமா டீச்சரே? மே மாசம் எனக்கு ரிட்டையர்மென்ட்."

"உடைக்கலேன்னா என்னாகும்னு தெரியும் சாரே. ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க."

வந்தார். பீரோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"அப்பமே சுடலாம் போலிருக்கே" என்றார், மெல்ல.

பிள்ளைகள் யாரும் தலை நிமிரவில்லை. குருவிளா சாவிக்கொத்தின் முனையால் அரக்கைத் தட்டி உதிர்த்தார். கதவு திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. லிஜிமோள் மேசை விசிறியைத் தூக்கிவந்து உள்பக்கம் திருப்பி வைத்தாள்.

தொண்ணூற்றொன்று. எண்பது. அறுபத்தெட்டு. விடைகள் பழையபடி பறக்கத் தொடங்கின.

குருவிளா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, திறந்த பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதே நாற்காலி, அதே இடம். நாற்பத்திரண்டு பேரும் அந்த அறையிலேயே எழுதி முடித்தார்கள்.

ஆலப்புழைக்குப் போன அறிக்கையில், சர்வர் தேர்வு முடியும்வரை தலைமை ஆசிரியரின் நேரடிக் காவலில் இருந்தது என்று குருவிளா எழுதினார். லிஜிமோள் படித்துப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.