துஞ்சினார் என்பது

அவர் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டே, மறு கையால் தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள் மனைவி. ஆஸ்பத்திரிக்கு வந்து இது மூன்றாவது வாரம். லிப்ட் ரிப்பேர் செய்தே முப்பது வருஷம் ஓட்டியவருக்கு இப்போது புரண்டு படுக்கவும் ஒரு கை வேண்டியிருந்தது. பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டவள், அன்று விட்ட பத்தாம் வகுப்புப் பரீட்சையை நாற்பத்தெட்டு வயதில் எழுதப் பேர் கொடுத்திருந்தாள். கொடுக்க வைத்தவரே அவர்தான். இன்னும் நான்கு நாள்.

"மங்கலம்னா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"கெட்டதை நல்ல வார்த்தையில சொல்றது. செத்தார்னு சொல்லாம, துஞ்சினார்னு சொல்றது."

"துஞ்சினார்னா?"

"தூங்கினார்."

"அப்போ நிஜமா தூங்கறவனை?"

"சோம்பேறின்னு சொல்லுவாங்க."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, மெல்ல அடங்கியது.

"உவமை, உருவகம்?"

"என் புருஷன் கழுதை மாதிரி உழைக்கறாருன்னா உவமை. என் புருஷன் ஒரு கழுதைன்னா உருவகம்."

"பரீட்சையில அதை எழுதித் தொலைச்சிடாத."

அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, இரண்டு பக்கம் மனசுக்குள்ளேயே படித்தாள். நிமிர்ந்தபோதுதான் போர்வை ஏறி இறங்காதது தெரிந்தது.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தாள்.

வராந்தாவில் போன் அடித்தது. அவருடைய அக்கா.

"தம்பி எப்படிம்மா இருக்கான்?"

படித்த சொல் எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை.

"செத்துட்டாரு அண்ணி."



நான்காம் நாள் காலையில் அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். "இந்த நேரத்துல பரீட்சை ஒரு கேடா?" என்றார் அவருடைய சித்தப்பா, யாரிடமோ சொல்வதுபோல்.

அண்ணி சீப்போடு வந்து நின்றாள். "அவன் இருந்தா உன்னைப் படுக்க விட்டிருப்பானா? எழுந்திரு. முகத்தைக் கழுவு."

பள்ளிக்கூட வாசல்வரை அண்ணியே கூட வந்தாள். காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளைங்களை விட்டுட்டு வெளியிலயே நில்லுங்கம்மா."

"பிள்ளை இல்லைங்க. நான்தான் எழுதறேன்."

அவர் அவசரமாக வழிவிட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சு. முழங்கால் மேஜையின் அடியில் இடித்தது. உடம்பைக் குறுக்கி, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, சரியாக உட்கார்ந்துகொண்டாள்.