விதைக்கு நன்றி சொல்லக்கூடாது

வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிற வோலக்தா நகரத்துப் பக்கத்தில் ஒருவர் முலாம்பழம் வளர்க்கிறேன் என்று சொன்னால், ஒன்று அவருக்குப் பொழுது போகவில்லை, இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் மேல் ஏதோ கடுப்பு. மே மாதக் கடைசியில்கூட மண் சில்லென்று இருக்கும். ஆகஸ்டு பாதியிலேயே மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கிடைக்கிற எண்பது நாளில் வெள்ளரி காய்த்தாலே ஆண்டவன் புண்ணியம். இதையெல்லாம் எங்கள் தோட்டச் சங்கத்தில் யாரிடம் சொல்ல? குதிரை லத்தியைக் குவித்துச் சூடு ஏற்றிப் பாத்தி போடுவார்கள். பசுமைக்குடிலுக்குள் கொடியைக் கயிற்றில் ஏற்றுவார்கள். காய் முஷ்டியளவு ஆனதும் பழைய நைலான் காலுறைக்குள் போட்டுத் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிடுவார்கள். கிழிந்த காலுறையை எங்கள் பெண்கள் யாரும் தூக்கிப்போட்டதே கிடையாது.

நோன்னா மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவள். அளந்து பேசியே பழகிய அவளுக்கு, முலாம்பழம் என்று வந்ததும் வாய் எங்கே போனதோ தெரியவில்லை. ஏப்ரல் மாதம், தோட்டத்துக்கு வரும் மின்ரயிலில் எல்லார் காதிலும் விழும்படி தம்பட்டம் அடித்துவிட்டாள்.

"இந்த வருஷ அறுவடை விருந்துல என் குடில்ல பழுத்த பழத்தை வெட்டறேனா இல்லையா பாருங்க!"

"பழம் வரலேன்னா அந்தக் காலுறையையாவது தட்டுல வை நோன்னா, பாத்துட்டாவது போறோம்" என்றார் சங்கத் தலைவர் எஃபீம். பெட்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது.

மூன்று காய் பிடித்தது. ஆகஸ்டில் பதினோரு நாள் விடாத மழை. இரண்டு அழுகின. மூன்றாவது முஷ்டியளவோடு நின்றுபோய், விருந்துக்கு ஒரு வாரம் இருக்கையில் தானாகவே உதிர்ந்தது. நோன்னா என்ன செய்தாள் தெரியுமா? நகரத்துச் சந்தைக்குப் போனாள். உருண்டையாக, மஞ்சளாக, அளவாக ஒரு பழம் வாங்கினாள். உருளைக்கிழங்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்தாள். காலுறைக்குள் போட்டு, காய்ந்த காம்பைப் பச்சை நூலால் தன் கொடியோடு கட்டினாள். ஒரு பழத்துக்காக இவ்வளவு! ஆள் ஆளாக வந்து பார்த்தபோது, "தொடாதீங்க, காம்பு இளகியிருக்கு" என்று சொல்லிக் காவல் நின்றாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

விருந்தில் பழத்தை வெட்டினார்கள். ஆளுக்கு விரல் கனத்தில் ஒரு கீற்று. எஃபீம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பக்கத்துத் தோட்டத்துத் தைசியா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் தெற்கே வெகுதூரத்துச் சிம்கென்டில் பிறந்தவள், வெயிலும் பழமுமாக வளர்ந்தவள், கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்து மாட்டிக்கொண்டவள்.

"எங்க ஊர்ப் பழம் மாதிரியே இருக்குடி நோன்னா" என்றாள். "எங்க ஊர் வெயில்லயே பழுத்த மாதிரி."

மாதிரி என்ன மாதிரி! சிம்கென்ட் பக்கத்துப் பழம் என்று சொல்லித்தான் சந்தைக்காரன் கொடுத்திருந்தான். நோன்னா மீதிக் கீற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் நல்ல பழத்தின் விதையைத் துப்பித் தொலைக்க மாட்டார்கள். கைக்குட்டையில் சேர்ப்பார்கள். ஆனால் அன்றைக்கு எல்லாரும் விதையைத் தைசியாவிடமே ஒதுக்கிவிட்டார்கள். அது நியாயம்தான். சங்கத்தில் தைசியாவின் கைராசி தெரியாதவர் இல்லை. வசந்தம் வந்தால் ஒவ்வொருவரும் தங்கள் முதல் நாற்றை அவள் கையில் கொடுத்து ஊன்றச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை நடுவார்கள்.

"இதெல்லாம் முளைக்குமோ என்னமோ" என்று நோன்னா முனகினாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. விதைப் பொட்டலத்தை அவளே மடித்துக் கொடுத்தாள்.

தைசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிடி" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். விதைக்கும் நாற்றுக்கும் எங்கள் பக்கம் நன்றி சொல்வதே இல்லை. சொன்னால் செடி பிடிக்காது. சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். தோஷம் கழிய, தைசியா இடது தோளுக்குப் பின்னால் மூன்று தடவை துப்பினாள். "போச்சு, இனிமே பூசணிதான் காய்க்கும்" என்று எஃபீம் கிண்டல் செய்தார்.

அடுத்த மார்ச்சில் தைசியா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "இந்தத் தடவை தக்காளியே போடலடி. குடில் முழுக்க உன் முலாம்பழந்தான்."

நோன்னாவுக்குப் பகீரென்றது. தைசியா வீட்டுக்கு அந்தத் தக்காளிதான் குளிர்காலம் முழுவதற்குமான ஊறுகாய்.

"முழுசுமா? பாதியில தக்காளி வையேன்டி. எதுக்கும் இருக்கட்டும்."

"எதுக்கு? செப்டம்பர்ல எங்க அக்கா வர்றா. பதினாலு வருஷம் கழிச்சு. இந்தக் குளிர்ல என்னடி வாழறேன்னு போன்லயே அழுவா. அவ முன்னாடி நான் வளத்த பழத்தை வெட்டி வைக்கணும். ஒண்ணு போதும். வெச்சேன்னா அவ வாயைத் திறக்க மாட்டா."

இப்போது சொல்லிவிட்டால் போதும், தக்காளி விதைக்க இன்னும் நாள் இருக்கிறது என்று நோன்னாவுக்கு நன்றாகத் தெரியும். நாக்குநுனி வரை வந்தது. மின்ரயில் பெட்டி சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. "தண்ணி மட்டும் கொஞ்சமா விடு" என்றாள். வெட்கங்கெட்டவள், யோசனை வேறு!

கொடி என்னவோ கூரை வரை ஏறியது. எல்லாம் ஆண் பூ. ஜூலைக் கடைசியில்தான் பெண் பூ எட்டிப்பார்த்தது. தைசியா ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவில் ஒவ்வொன்றாகத் தடவினாள். வெயில் தேசத்து விதைக்கு இங்கே நாள் எங்கே போதும்? காய்கள் எலுமிச்சையளவு, முஷ்டியளவு என்று ஊர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் காலுறை கட்டினாள். குடிலுக்குள் பன்னிரண்டு காலுறை தொங்கியது. தினமும் காலையில் நோன்னா ஜன்னல் வழியாக அந்தக் காலுறைகளை எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் உறைபனி விழுந்தது. அக்காள் வந்தாள், நான்கு நாள் இருந்தாள், போனாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்த தைசியா ஒரு காலுறையை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு நோன்னாவின் வேலியோரம் வந்தாள். உள்ளே பச்சைக் கல்லாக ஒரு காய்.

"பாருடி. அக்கா இதைப் பாத்துட்டு எதுவுமே சொல்லல. என் தலையைத் தடவிக் குடுத்தா. அதான் தாங்கல." மூக்கை உறிஞ்சினாள். "உன் மேல தப்பில்ல. நல்ல விதையைத்தான் குடுத்தே. நான்தான் வாய் தவறி நன்றின்னு சொல்லித் தொலைச்சேன். அதான் இப்படி. என்னை மன்னிச்சுருடி, உன் விதையெல்லாம் வீணாக்கிட்டேன்."

நோன்னா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய இடம் இதுதான், இதைவிட வேறு இடம் கிடையாது. வாயைத் திறந்தாள்.

"ஆமா, சொன்னேதான்" என்று அவள் வாயிலிருந்து வந்தது. "நானும் அன்னிக்கே நினைச்சேன்."

இதைச் சொன்னது யார் என்பதுபோல அவளே திடுக்கிட்டாள். பழத்தை நூலால் கட்டியது பெருமைக்காக. இது எதற்காக? அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் தைசியாவுக்கு ஜாம், காளான், கம்பளிக் காலுறை என்று ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தைசியாவோ, "எதுக்குடி இவ்வளவு பாசம்?" என்று ஒவ்வொரு தடவையும் நெகிழ்ந்துபோனாள். நோன்னா கூனிக்குறுகி வீடு திரும்புவாள்.

வசந்தம் வந்தது. எஃபீமின் மனைவி வழக்கம்போல முதல் மிளகாய் நாற்றைத் தைசியாவிடம் நீட்டினாள். தைசியா இரண்டு கையையும் இடுப்பில் கட்டியிருந்த முன்கச்சைத் துணிக்குள் சொருகிக்கொண்டாள்.

"வேணாம் தாயி. என் கை போச்சு. வேற யாருகிட்டயாவது குடு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முதலில் சிரித்தார்கள். அவள் யாருடைய நாற்றையும் தொடவில்லை. தன் குடிலிலும் ஒன்றும் விதைக்கவில்லை. கதவு திறந்தபடியே கிடந்தது, போன வருடத்துக் கொடிக் கயிறுகள் காற்றில் ஆடின.

நோன்னாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தன் வீட்டு ஜன்னலில் வளர்த்த இருபது தக்காளி நாற்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தைசியாவின் தோட்டப் படலுக்குப் போனாள்.

"இதை நடுடி."

"சொன்னேன்ல, என் கை..." தைசியா மறுபடி கைகளை முன்கச்சைக்குள் சொருகிக்கொண்டாள்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பழம் என்னோடது இல்ல." நோன்னா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சந்தையில வாங்கினேன். நூலால கட்டித் தொங்கவிட்டேன். உங்க ஊர்ப் பழந்தான் அது. அந்த விதை இங்க யாரு போட்டாலும் பழுத்திருக்காது."

தைசியா முன்கச்சையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நான் நன்றின்னு சொன்னதும் காரணமில்ல?"

"இல்ல."

தைசியாவின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. நோன்னாவுக்கு மூச்சு வந்தது. அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு இமைப்பொழுது.

"செப்டம்பர்ல நான் உன் வேலியோரம் நின்னு அழுதேன்" என்றாள் தைசியா மெதுவாக. "ஆமா சொன்னேதான்னு சொன்னியே. அப்பவும் உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"எங்க அக்கா வர்றான்னு மார்ச்சுலயே சொன்னேன். அப்பவும்?"

நோன்னா தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் வந்தது. அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தைசியா கையை நீட்டி நாற்றுத்தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு நாற்றின் இலையை விரலால் நிமிர்த்தினாள். நல்ல நாற்றுதான், தண்டு கனமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்து, மருந்துக்கடையில் மருந்து வாங்குகிறவர்கள் கூப்பிடுவதுபோல, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"நன்றிங்க, நோன்னா விக்தோரவ்னா. ரொம்ப நன்றி."

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். தோளுக்குப் பின்னால் துப்பவில்லை. நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை.