இமைக்கட்டிக்குப் போட்ட கட்டு

பள்ளி வேன் டிரைவரின் வலது மேல் இமையில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்று சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து அவர் மனைவிக்குக் கை சலித்ததுதான் மிச்சம். வேனில் வரும் பிள்ளைகள் 'புடைச்ச கண்ணு மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கண் மருத்துவமனையில் நர்ஸ் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். கட்டி அழுந்துமே என்று விரல்களை இடுக்கு விட்டுத் தளர்வாக வைத்துக்கொண்டு, கடகடவென்று வாசித்தார்.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, இமையைப் புரட்டி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுத்தார். "சாதாரணக் கட்டிதான். தழும்புகூடத் தெரியாது." களிம்பு தடவிக் கட்டுப் போட்டார்கள்.

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "கரண்டு போயிடுச்சா சிஸ்டர்?"

"லைட்டு எரியுதே."

"விளையாடாதீங்க," என்றாள் மனைவி. "இடது கண்ணு திறந்துதானே இருக்கு."

"திறந்துதான் இருக்கு. நீ எங்க நிக்கிற?"

அவள் அவர் முழங்காலை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இடது கண்ணை வெகுநேரம் சோதித்தார். "உள்ள அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சங்கொஞ்சமா செத்திருக்கு. வலிக்காது, அதான் தெரியல. வலது கண்ணு ரெண்டுக்கும் சேர்த்துப் பாத்திருக்கு."

"திரும்ப வருமா?"

"போனது வராது. நாளைக்குக் கட்டு பிரிச்சதும் வலதையும் பாக்கணும்."

டிரைவருக்கு வேனில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கொஞ்ச நாளாகவே உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. கழுத்துப் பிடிப்பு என்றல்லவா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் இறங்குவார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே," என்றாள் மனைவி.

"ஆகல. அது என் சாமர்த்தியமில்ல. தலைமை டீச்சருக்குப் போன் போடு."

"நாளைக்குக் கட்டு பிரிச்சப்புறம் பேசலாமே."

"பிரிச்சு வெளிச்சம் தெரிஞ்சா இந்தத் தைரியம் போயிடும். இப்பவே போடு."

போட்டுக் கொடுத்தாள். "டீச்சர், வேற டிரைவர் பாத்துக்குங்க. லீவு இல்ல. எனக்கு ஒரு கண்ணு தெரியல. எனக்கே இப்பதான் தெரியும்."

மறுநாள் வலது கண்ணிலும் அழுத்தம் இருந்தது, நரம்பு தப்பித்திருந்தது. தினமும் சொட்டு மருந்து விட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. வேன் சாவியை மனைவிதான் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தபோது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.